பியூலா அத்தையின் ஜன்னல் சீட்

காணிப்பாக்கம் கிராஸ் தாண்டியதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளி, காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்து, பென்சிலைத் தேட ஆரம்பிக்கிறாள் பியூலா அத்தை. பையைக் கிளறுகிறாள். டிபன் டப்பாவைத் திறந்து பார்க்கிறாள். பிறகு பக்கத்தில் இருக்கிற என்னைப் பார்க்கிறாள். பென்சில் அவள் காதில்தான் செருகியிருக்கிறது. என் மேல் பட்ட சந்தேகம் சரியாக இருந்த நாட்களும் உண்டு என்பதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் காலை ஏழு பத்து பஸ். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். அது அத்தையின் இடம். ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை வீசிவிடுவாள், குறி தப்பியதில்லை. அந்தச் சீட்டை எனக்கு ஒரு நாளும் தந்ததில்லை. ஒருமுறை வாந்தி வருகிற மாதிரி நடித்துப் பார்த்தேன். பாலிதீன் கவர் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தாள்.

ஃபோனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எல்லா பஸ்ஸிலும் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் பேப்பரைப் பார்த்துச் சிரிக்கிற ஆளை ஏழு பத்தில் மட்டும்தான் பார்க்கலாம். சிரிப்பாள், கோடு போடுவாள், சில இடங்களில் பேப்பரிடம் கெஞ்சுவாள். "அய்யோ, வாணாம்மே, அவன் வூட்டுக்குப் போவாதே!"

டாக்டர் பியூலா எர்னஸ்ட், வயது ஐம்பத்திரண்டு, என் நைனாவுக்கு அக்கா. திருப்பதியில் ஒரு டிகிரி காலேஜில் ஹிஸ்டரி சொல்லிக்கொடுக்கிறாள். அவள் சொந்தமாகப் படிப்பது வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அதிலும் பெண்கள், அந்தப் பெண்களிலும் அமெரிக்காவில் ஊர்த்துணி துவைத்துப் பிழைத்தவர்கள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. நான் பாலிடெக்னிக்கில் நாலு பேக்லாக் வைத்திருப்பவன், இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியாது.

எங்கள் சபையில் யாருக்குமே தெரியாது. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையன்று சர்ச் போதகரான ஐயர் எழுந்து, "ஆப்பிரிக்க தேசத்தில் ஊழியம் செய்து திரும்பிய நம் சகோதரி" என்று அத்தையை அறிமுகம் செய்வார். அத்தை ஆப்பிரிக்காவைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் வருஷம் எழுந்து திருத்தினாள். இரண்டாம் வருஷமும் திருத்தினாள். மூன்றாம் வருஷம் வேறு ஐயர் மாற்றலாகி வந்தார். பழைய ஐயர் விட்டுப்போன குறிப்பைப் பார்த்து அதையே படித்தார். இப்போதெல்லாம் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். "சபையே ஆமென் சொல்லிடுச்சிடா. இதுக்கு மேல திருத்தினா நான்தான் பாவி."

அமெரிக்காவுக்கு ஒரு தடவை போயிருக்கிறாள், ஒன்பது நாள். திரும்பி வந்தபோது பெட்டியைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது. திறந்தால் பதினெட்டு கிலோ ஜெராக்ஸ். என் அம்மா அடியில் கைவிட்டுத் துழாவினாள். அடியிலும் ஜெராக்ஸ். நைனா ஒரு தாளை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஃபாரின் வாசனை கீது" என்று சமாதானமாகச் சொன்னார். அம்மா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

திருப்பதியில் இருந்துகொண்டு கறுப்பினப் பெண்களின் சரித்திரம் படிக்கிறாள் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்கு மனப்பாடம். நம்ம மலையில் கொடுக்கிற முடிதானே மேடம் அங்கே விற்கிறது, அதைப் பற்றியா? கேட்பவர் வாயை மூடுவதற்குள் அத்தை சொல்லிவிடுவாள். "முடியப் பாக்கறதுக்கு வேற ஆளுங்க கீறாங்க. நான் துணி."

பூதலப்பட்டில் கனகாம்பரக் கூடையோடு ஏறுகிற ரத்தினம்மா மட்டும் முடி பற்றிக் கேட்டதில்லை. அவள் கேட்பது வேறு.

"இன்னா மா, அந்தப் பொண்ணு வெளிய வந்துச்சா?"

"எங்க? இன்னும் பதினோரு நாள் கீது ரத்தினம்மா."

அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போனது 1881இல், அட்லாண்டா என்கிற ஊரில். துணி துவைக்கிற பெண்கள் எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்தியபோது அபராதம் கட்ட மாட்டேன் என்று சொல்லி நாற்பது நாள் தண்டனை வாங்கியவள். ரத்தினம்மாவுக்கு அது இந்த மாதத்து விஷயம். அத்தை வருஷத்தைச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஒரு நாள் கழித்துக்கொண்டு வருகிறாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அவங்க செத்து நூறு வருஷம் ஆவுதுக்கா" என்றேன்.

"உன்னிய கேட்டனா?" என்று ரத்தினம்மா பாய்ந்தாள். "ஜெயில்ல கீறவள சாவடிக்கிற. வாயில இன்னாத்த வெச்சிகினு கீற நீ?"

ஏழு பத்து பஸ்ஸே என்னைக் கொலைகாரனைப் போலப் பார்த்தது. அத்தை ஜெராக்ஸில் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

இன்னொரு நாள் ரத்தினம்மா வேறொன்று கேட்டாள். "அது சரி மா, ஊர்த்துணியத் தொட மாட்டோம்னு ஒக்காந்துகினாங்களே, அத்தினி நாளும் புள்ளைங்க இன்னா துன்னுச்சிங்க?"

அத்தை பென்சிலைக் காதில் செருகினாள். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றாள்.

"தெரியல ரத்தினம்மா. நீ இங்க வந்து ஒக்காரு."

பூக்கூடை சகிதம் ரத்தினம்மா ஜன்னல் சீட்டுக்குப் போனாள். அத்தை திருப்பதி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள், மூக்கைத் தடவிக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி. அதுதான் அவளுடைய சட்டம். தனக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டவருக்கு எழுந்து இடம் தருவாள். அம்மா ஒருமுறை இப்படிச் சாப்பாட்டு மேஜையில் அத்தையின் நாற்காலியை வென்றிருக்கிறாள். நான் இன்னும் வெல்லவில்லை. என் கேள்விகளுக்கெல்லாம் அவளிடம் பதில் இருக்கிறது. பெரும்பாலும் "காசு இல்ல" என்பது.

இருபத்தாறு வருஷத்தில் காலேஜில் அவள் நடத்திய பாடங்களைக் கேளுங்கள். நவீன இந்தியா, இந்தியச் சுற்றுலா, ஆபீஸ் இங்கிலீஷ், ஒரு வருஷம் ஆள் கிடைக்காமல் யோகா. தன்னுடைய பாடத்தை பஸ்ஸில் மட்டும்தான் நடத்தியிருக்கிறாள், அதுவும் ரத்தினம்மாவுக்கு. மூன்று வருஷம் மனு எழுதி எழுதி, இந்த வருஷம்தான் அதை விருப்பப் பாடமாக ஒத்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் வரலாறு. இருபது பேர் சேர வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பாடம் ரத்து, மறுபடி கேட்கக் கூடாது. பிரின்சிபால் பச்சை மையில் அப்படியே எழுதியிருந்தார்.

சேர்ந்தவர்கள் அறுபத்து மூன்று பேர்.

லிஸ்ட் வந்த அன்று சாயங்காலம் அத்தை மைசூர்பாகு வாங்கி பஸ் முழுக்கக் கொடுத்தாள். கண்டக்டருக்கு இரண்டு. எனக்கு அந்த எண்ணிக்கை கொஞ்சம் இடித்தது. நானே ஒரு பொய் சொன்னால் அளவாகச் சொல்வேன். மறுநாள் காலேஜ் கேட்டுக்கு எதிரே இருக்கிற நெட் சென்டருக்குப் போனேன். ஆன்லைனில் பாடம் தேர்ந்தெடுக்கிற வெப் ஆப்ஷனைப் பிள்ளைகள் யாரும் தாங்களே போடுவதில்லை. நெட் சென்டர் வேங்கடாசலத்திடம் ஹால்டிக்கெட் நம்பரைக் கொடுத்து, "ஏதோ ஒண்ணு போடுண்ணா" என்று சொல்லிவிட்டு பானிபூரி சாப்பிடப் போய்விடுவார்கள். வேங்கடாசலம் மனசாட்சியோடு ஏதோ ஒன்றைப் போட்டிருந்தார்.

"இங்கிலீஷ் எழுத்து வரிசைல மொதல்ல கீது அது. டிக் போட்டேன்" என்றார். "கூட்டம் பாத்தியா? கீழ வரைக்கும் யாரு தள்ளிகினு போறது?"

இதை அத்தையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்த சிரிப்பு சந்திரகிரி வரைக்கும் ஓயவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கவுண்ட்ஸ் கோர்ஸ் எதுனா இருந்திருந்தா கூட நான் அம்பேல்டா" என்றாள். அப்புறம் மடியிலிருந்த ஜெராக்ஸை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"நாளைக்கு கிளாஸ்ல சொல்லிடணும்."

"இன்னாத்துக்கு அத்தே? அதுங்களுக்கே தெரியாது. கம்முனு நடத்திகினு போ."

"கம்முனா?" அத்தை மடியிலிருந்த ஜெராக்ஸ் ஒன்றை உருவி என் முன்னால் பிடித்தாள். பழைய கையெழுத்தில் கோணல்மாணலாக வரிசை வரிசையாகப் பெயர்கள். "இன்னா தெரியுமா இது? கப்பல் லிஸ்டு. ஒருத்தரையும் கேக்காம எழுதினது. இருபத்தாறு வருஷமா இத எழுதினவன ஏசிகினு கீறேன். இப்போ கேக்காம எழுதின லிஸ்டு ஒண்ணு என் கைக்கே வந்துகீது. வெச்சிகினு கம்முனு இருக்கவா, தொரை?"

நான் அந்தத் தாளை வாங்கி அவள் மடியில் வைத்தேன். அவளே என் முழங்காலில் தட்டினாள். "போறது போவட்டும்டா. தப்பா பஸ் ஏறினதுல நாலு பேரு எறங்காம வரும், பாரு."

நாலு பேர் போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் வகுப்பிலேயே உடைத்துவிட்டாள். நீங்கள் யாரும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை, எதிர்க்கடை அண்ணன் தேர்ந்தெடுத்திருக்கிறார், பத்து நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம். பிரின்சிபாலும் அதையே சர்க்குலராக விட்டார். பத்தாவது நாள் சனிக்கிழமை, மீதி இருப்பவர்கள் அவரவர் கையால் கையெழுத்துப் போட வேண்டும். இருபது கையெழுத்து இருந்தால் பாடம் உண்டு.

திங்கட்கிழமை அறுபத்து மூன்று நாற்பத்தைந்தாகியது. புதன்கிழமை முப்பத்தொன்று. அன்றைக்கு நான் காலேஜ் கேன்டீன் பக்கம் போய், சுற்றுலாப் பாடம் எடுத்தால் வாரா வாரம் அலிபிரியிலிருந்து படியேறி மலைக்குப் போய் ஃபீல்டு வொர்க் எழுத வேண்டுமாமே என்று ஒரு மேஜையில் கவலையாகச் சொல்லிவைத்தேன். மூவாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் படி. மாலைக்குள் ஐந்து பேர் அத்தையிடம் திரும்பி வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அத்தை கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: "சுற்றுலாப் பாடத்துக்கு மலை ஏற வேண்டாம். அந்தச் செய்தியைப் பரப்பியவன் என் தம்பி மகன்." ஐந்து பேரும் போனார்கள். அவர்களோடு துணைக்கு இரண்டு பேர் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை எண்ணிக்கை சரியாக இருபது. ரத்தினம்மாவுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஆனால் இதையும் ஜெயிலையும் அவள் ஒன்றாகக் கலந்துவிட்டாள். சனிக்கிழமை காலை இறங்கும்போது ஒரு முழம் கனகாம்பரத்தை அத்தையின் பையில் திணித்து, "இன்னிக்கு வுட்டுடுவாங்க மா, பயப்படாத" என்றாள்.

அன்று எனக்குப் பாலிடெக்னிக்கில் லேப் இருந்தது. காலேஜின் பின்பக்கம் வராந்தாவில், மூன்றாவது பெஞ்சுக்கு நேராக இருக்கிற ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அத்தை உள்ளே வந்ததுமே அந்த ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து அவளிடம் போனாள். தரணி. நகரி பக்கத்துக் குடும்பம், இப்போது திருப்பதியில். அவள் அம்மா லாட்ஜ்களின் பெட்ஷீட் துவைக்கிற கூடத்தில் வேலை செய்கிறாள். கையில் ஒரு ஃபாரம்.

"மேடம், கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு மாறிக்கிறேன். வேலைக்கு ஆவும்னு அம்மா சொல்லுது. நீங்க ஒரு சைன் போடணும். பீரியட் முடியறதுக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும்."

அவள் போனால் பத்தொன்பது. வகுப்பு முழுக்க அதைக் கூட்டிக் கழித்துவிட்டது. எனக்கே கணக்கு வந்தது. அத்தை ஃபாரத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து, கையெழுத்துப் போட்டாள்.

"நல்லா பண்ணு கண்ணு. கம்ப்யூட்டர்லயும் எதுனா புரியலன்னா எழுந்து கேளு, வுட்டுடாத."

தரணி மரியாதைக்காகத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். பீரியட் முடிய இன்னும் முப்பது நிமிஷம். அத்தை பாடத்தை ஆரம்பித்தாள். எப்போதும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் நடத்துவாள், உற்சாகம் ஏறினால் தமிழ் வந்துவிடும். அன்றைக்கு வாயைத் திறந்தபோதே தமிழ் வந்துவிட்டது.

"ஜூலை மாசம். அட்லாண்டா ஊர்ல துணி துவைக்கிற பொம்பளைங்க ஒரு சர்ச்சுல கூடுறாங்க. எத்தினி பேரு? இருபது." இந்த எண்ணைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. "வீடு வீடா போறாங்க. மூணு வாரம். இருபது மூவாயிரம் ஆவுது. ஊர்ல ஒருத்தனுக்கும் வெளுத்த சட்டை கிடையாது!"

கைகளை விரித்து, மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து, வீட்டுக்கார அம்மாக்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதை நடித்துக் காட்டினாள். பையன்கள் விசிலடித்தார்கள். பாடம் ரத்தாகப் போகிறவளைப் போலவே இல்லை. தரணி மட்டும் குனிந்து அந்த ஃபாரத்தின் பின்பக்கம் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்தாள்.

"மேடம், ஜூலைல அங்க மழையா?"

"ஆமா, அங்க கோடை மழை."

"அப்போ துணிய எங்க காய வெச்சாங்க? வூடு சின்னதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஊரு துணி அத்தினியும் உள்ள. ஈரத்தோட ரெண்டு நாள் கெடந்தா வாசனை வந்துடும் மேடம், மறுபடியும் மொதல்லேர்ந்து தோய்க்கணும்."

அத்தை சாக்பீஸை மேஜையில் வைத்தாள். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது, பஸ்ஸில் வருகிற அதே சிரிப்பு.

"இருபத்தாறு வருஷம்! பதினெட்டு கிலோ ஜெராக்ஸ்! எனக்கு இது தோணலையே. எங்க வூட்டுல துணி தோய்ச்சது வேற ஆளு, நான் படிச்சிகினு இருந்தேன். அதான்." மேடையிலிருந்து இறங்கி மூன்றாவது பெஞ்சுக்கு வந்தாள். "எடத்த வுடு."

வெளியே போகச் சொல்கிறாள் என்று நினைத்துத் தரணி பையை எடுத்தாள்.

"பைய வை. மேல போ. எப்படிக் காய வெப்பாங்கன்னு நீ சொல்லு. எனக்குத் தெரியாது."

தரணி ஃபாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினாள். சாக்பீஸை எடுத்து, ஃபாரத்தின் பின்பக்கம் கிறுக்கியதைப் பார்த்துப் பார்த்து, போர்டில் ஒரு மாடிப்படி வரைந்தாள். பிரம்மோற்சவ சமயத்தில் மழையும் வரும், கூட்டமும் வரும். லாட்ஜ் மாடிப்படியில் குறுக்கும் நெடுக்குமாக எப்படிக் கயிறு கட்டுவார்கள், தடித்த போர்வை மேலே, மெல்லிசு கீழே, ஏன் அப்படி. சாந்திபுரத்திலிருந்து வருகிற யஸ்வந்த் எழுந்து, தங்கள் பட்டுப்புழு ஷெட்டில் அடுப்பு மூட்டித்தான் ஈரத்தைப் போக்குவோம், அவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றான்.

"பொக ஏறுமே! வெள்ளைத் துணி மஞ்சளாயிடும். உன் புழுவுக்கு இன்னா, சட்டை போடுதா?" என்றாள் தரணி. வகுப்பு அதிர்ந்தது.

இந்தக் கூச்சலில்தான் ஆபீஸ் அட்டெண்டர் கங்கையா கையெழுத்துக் காகிதத்தோடு வந்தார். நிமிர்ந்து பார்க்காத மனிதர். பெஞ்ச் பெஞ்சாக நீட்டிக்கொண்டே வந்து, மூன்றாவது பெஞ்ச் ஜன்னல் ஓரத்தில் காகிதத்தை வைத்து, "சந்தகம் பெட்டம்மா" என்று தெலுங்கில் கையெழுத்துக் கேட்டார். பிறகுதான் யாரென்று பார்த்தார். "மேடம்! நீங்களா?"

அத்தை உதட்டில் விரலை வைத்தாள். "இந்த இடம் அந்தப் பொண்ணோடது. அது சொல்லி முடிக்கட்டும் கங்கையா."

"ஆ பொண்ணு மாறிப்போவுதுன்னு சொன்னாங்களே? ஃபாரம் குடுக்கச் சொல்லுங்க மேடம், டைம் ஆயிபோயிந்தி."

தரணி மேடையிலிருந்தே ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் அத்தையின் கையெழுத்து. அந்தப் பக்கம் படி, கயிறு, அம்புக்குறி, ஈரப் போர்வை.

"இது வேஸ்ட் ஆயிடுச்சிண்ணா" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள்.

அவள் வருவதை அத்தை பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டது போல ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே நான் இருந்தேன். டிரம்முக்குப் பின்னால் குனிய நேரமில்லை. லேப் இல்லையா என்று அவள் கண் கேட்கவில்லை. அந்தக் கண்ணில் அப்போது எனக்கு இடமே இல்லை. கங்கையாவின் பேனா காகிதத்தில் கீச்சென்று ஓடுகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

இருபதாவது வரியில் தரணியின் கையெழுத்தும் பக்கத்திலேயே ஒரு வெள்ளைக் கட்டைவிரல் ரேகையும். கங்கையா சாக்பீஸ் தூளை ஊதிவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். தரணி மறுபடி மேடையில் ஏறினாள். துணி காய்வதை இன்னும் முடிக்கவில்லை. முடித்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அச்சு அசல் அத்தையின் குரலில் கேட்டாள்:

"எனி டவுட்ஸ்?"

வகுப்பு சிரித்தது. மூன்றாவது பெஞ்சின் ஜன்னல் ஓரத்தில், பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தள்ளி, காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் பியூலா எர்னஸ்ட், எங்கும் தேடாமல் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.